நடுகல் வீரனின் ரத்தம்: சிரப்பா, ஃபூட்டேஜா, சிமுலேஷனா?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குறும்படம் எடுக்கிற எந்தக் குழுவைக் கேட்டாலும் அவர்களிடம் ஒரு நடுகல் கதை இருக்கும். அதில் ஆச்சரியமில்லை. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. ஊர்ப்பக்கம் போனால் வரப்போரம் ஒன்று, மரத்தடியில் ஒன்று என்று இன்றும் வேடியப்பனாகக் கும்பிடப்படுகின்றன. ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களை மறித்துச் சண்டை போட்டு, மாட்டை மீட்டு, அங்கேயே விழுந்தவன் கதை. வில், வாள், மாடு, சாவு எல்லாம் இருக்கிறது. காசு மட்டும் இல்லை. அதனால் கதை பேசி முடித்த கையோடு என்னிடம் ஒரு கேள்வி வரும்: "ணா, ரத்தத்தை சிஜியிலயே பண்ணிடலாமா?"

சிஜி என்றால் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ். பண்ணலாம். எந்த ஷாட்டுக்கு என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் வராது. ரத்தம் என்றால் எல்லோர் மனதிலும் ஓடுவது வாள் வீசியதும் காற்றில் விசிறியடிக்கிற அந்தத் தெறிப்பு மட்டும்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்கிறவரை நம்பவைப்பது விழுந்த இடத்தில் கிடக்கிற ரத்தம், பறக்கிற ரத்தம் அல்ல. தெறிப்பு அரை விநாடியில் முடிந்துவிடும். கறை, காட்சி முடிகிறவரை திரையில் இருக்கும். ஆனால் சின்னக் குழுக்கள் நேரத்தையும் பணத்தையும் அந்த அரை விநாடியில் கொட்டிவிட்டு, கறைக்குக் கடைசி நாளில் ஏதோ ஒரு சிவப்பைத் தடவுகிறார்கள். எந்த வழி நல்லது என்ற ஒப்பீட்டையே இந்தக் கண்ணோடுதான் செய்கிறேன்.

ஒப்பிட வசதியாக நான்கு ஷாட் எடுத்துக்கொள்வோம். ஒன்று, வீரனின் வெற்று மார்பில் அம்பு தைத்து நிற்கும் க்ளோஸப். இரண்டு, வாள் வீச்சில் கை வெட்டுப்பட்டுத் தெறிக்கும் நடுத்தர ஷாட், கேமரா கையில். மூன்று, விரல் நுனியிலிருந்து செம்மண்ணில் சொட்டுவது. நான்கு, அவன் சாய்ந்து விழுந்த கல்லில் ரத்தம் வழிவது. அநேகமாக எல்லா நடுகல் கதையும் இந்த நான்கில் அடங்கிவிடும்.

முதலில் நிஜ ரத்தம்

நம்ம ஊர்ப் பார்வையாளரை ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம். கிடா வெட்டைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசையில் நிற்கிறவர்கள். ரத்தம் சில நிமிடத்தில் உறையும், உறைந்ததும் கறுக்கும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திரையில் தக்காளி சாஸ் நிறத்தில் ஏதாவது வழிந்தால் பின்வரிசையில் சிரிப்புதான் வரும்.

ரத்தம் நாம் நினைக்கிற அளவு கெட்டி இல்லை. தண்ணீரைவிட மூன்று நான்கு மடங்குதான் பிசுக்கு. அடர்த்தியும் தண்ணீரைவிட ஆறு சதவீதம் போலத்தான் கூடுதல். சிமுலேஷனில், அதாவது திரவம் ஓடுவதைக் கம்ப்யூட்டரே கணக்கிட்டு உருவாக்கும் வேலையில், புதிதாக இறங்குகிறவர்கள் பிசுக்கு எண்ணைக் கன்னாபின்னாவென்று ஏற்றிவைத்து, தேன் மாதிரி கயிறு கயிறாக வழியவிடுவதைப் பார்க்கிறேன். சர்க்கரைச் சிரப்பில் செய்கிற ரத்தத்திலும் இதே குறைதான்.

நிறம் தடிமனைப் பொறுத்தது. ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் விடுகிறது. மெல்லிய படலமாக இருந்தால் ஒளி ஊடுருவித் திரும்பி வரும், பளிச்சென்ற சிவப்பாகத் தெரியும். தேங்கி நின்றால் ஒளி உள்ளேயே மாட்டிக்கொள்ளும், கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும். ஒரே கறையில் நடுவில் கறுப்பு, விளிம்பில் சிவப்பு என்று இரண்டும் இருக்க வேண்டும். முழுக்க ஒரே சிவப்பை நிரப்பிய கறை, பெயின்ட் கொட்டியது போலத்தான் இருக்கும். காய்ந்ததும் ஹீமோகுளோபின் மாறிப் பழுப்பாகும். முதலில் காய்வது விளிம்பு. அரைகுறையாகக் காய்ந்த சொட்டைத் துடைத்தால் நடு அழிந்து ஒரு வளையம் மட்டும் நிற்கும். சண்டை முடிந்து கொஞ்ச நேரம் கழித்து வரும் ஷாட்டில் இந்த வளையம் ஒன்றிரண்டு இருந்தால் போதும், காலம் நகர்ந்தது தெரிந்துவிடும்.

அடுத்தது கணக்கு. பிடிக்காதவர்களும் இந்த மூன்றை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால், கையிலிருந்து தானாக நழுவும் சொட்டு 12 ஃப்ரேமில் ஏறக்குறைய 120 செ.மீ. இறங்கியிருக்கும். மார்பு உயரத்திலிருந்து விழுகிற சொட்டு அரை விநாடியில் மண்ணைத் தொட வேண்டும், மிதந்துகொண்டு வரக்கூடாது. தமனி வெட்டுப்பட்டால் ரத்தம் தொடர்ந்து பீய்ச்சாது, இதயம் அடிக்க அடிக்க விட்டுவிட்டு வரும். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 20 ஃப்ரேமுக்கு ஒருமுறை, ஓடிச் சண்டை போட்டவனுக்கு 120 என்று வைத்தால் 12 ஃப்ரேமுக்கு ஒருமுறை. மூன்றாவது, சொட்டு பரப்போடு மோதும் கோணம். நேராக விழுந்தால் வட்டம், சாய்ந்து மோதினால் நீள்வட்டம். அகலத்தை நீளத்தால் வகுத்தால் மோதிய கோணத்தின் சைன் மதிப்பு வரும். 30 டிகிரியில் மோதிய கறை அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீளமாக இருக்கும். தடயவியல்காரர்கள் கறையிலிருந்து கோணத்தைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். நாம் கோணத்திலிருந்து கறையை வரைகிறோம், அவ்வளவுதான்.

செட்டிலேயே ஊற்றுவது

பேக்கரிக்குச் சாமான் விற்கிற கடையில் லிக்விட் குளுக்கோஸ் கிடைக்கும். வெந்நீர் விட்டு நன்றாகத் தளர்த்தி, சிவப்பு ஃபுட் கலர், ஒரு சிட்டிகை கோகோ பவுடர், ஒரு துளி நீலம். சில நூறு ரூபாயில் ஒரு நாள் படப்பிடிப்பை ஓட்டிவிடலாம். ஹாலிவுட் மேக்கப் கலைஞர் டிக் ஸ்மித்தின் புகழ்பெற்ற கலவையும் அடிப்படையில் சோளச் சிரப்தான். ஆனால் துணியில் நன்றாகப் பரவ அதில் ஃபிலிம் கழுவும் கரைசல் ஒன்றைச் சேர்த்தார், அது வாயில் போனால் விஷம். இணையத்தில் அந்தக் குறிப்பைப் பார்த்து அப்படியே செய்கிறவர்கள் கவனம். நடிகர் வாயில் வைக்கிற ரத்தத்தில் சாப்பிடுகிற பொருளைத் தவிர வேறெதுவும் வேண்டாம், பாத்திரம் கழுவுகிற லிக்விட் கூட.

இந்த வழியின் பெரிய பலம், தோலும் ஒளியும் நிஜம் என்பது. மார்புச் சதையின் மேடு பள்ளத்தைப் பார்த்து ரத்தம் தானே வழி கண்டுபிடிக்கும். வியர்வையோடு கலக்கும். வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மினுங்கும். நடிகரும் தன் மேல் வழிவதை உணர்ந்து நடிப்பார். கம்ப்யூட்டரில் இதே வழிதலைச் செய்ய நடிகரின் மூச்சு ஏறி இறங்கும் மார்பை 3டியில் பின்தொடர வேண்டும். இப்படிப் பின்தொடர்வதுதான் மேட்ச்மூவ், அந்த வேலையிலேயே கஷ்டமானது உடம்பு.

பலவீனம் ரீடேக். ஒரு டேக் முடிந்ததும் துடைத்து, கழுவி, வேட்டி மாற்றி, மேக்கப் திரும்பப் போட்டு... சாயங்கால வெளிச்சம் காத்திருக்காது. ஹாலிவுட் இயக்குநர் டேவிட் ஃபின்ச்சர் 2007இல் வந்த 'சோடியாக்' படத்தில் டிஜிட்டல் ரத்தத்துக்குப் போனது இதற்காகத்தான். நிறைய டேக் எடுக்கிறவர், ஒவ்வொரு முறையும் உடை மாற்றிச் சுத்தம் பண்ணுகிற நேரத்தை மிச்சப்படுத்தினார். அவரைப் போல டேக் எடுக்கிற இயக்குநர் உங்கள் குழுவிலும் இருந்தால், ஒரே மாதிரி வேட்டி நான்கைந்தாவது வேண்டும்.

இன்னொன்று இந்த ஊருக்கே உரியது. மாம்பழ சீசனில் காவேரிப்பட்டணம் பக்கம் தோப்பில் சர்க்கரைச் சிரப்பைத் தடவிக்கொண்டு பிணமாகப் படுத்துப் பாருங்கள். ஈயும் எறும்பும் வந்து பிணத்தை எழுப்பிவிடும். சிரப் காய்ந்தாலும் பழுப்பாகாது, பளபளத்துக்கொண்டே ஒட்டும். பழைய கறைக்குச் சிரப் உதவாது. ஃபேப்ரிக் பெயின்டில் பழுப்பும் சிவப்பும் கலந்து துணியில் முன்கூட்டியே போட்டு வைத்துவிடுவது மேல்.

உடம்பில் வெடி வைத்துத் தெறிக்கவிடும் ஸ்குவிப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது உரிமமும் பயிற்சியும் உள்ளவர்கள் வேலை. ஆட்டு ரத்தம் வாங்கிக்கலாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. சீக்கிரமே கட்டிதட்டும், பிறகு நாற்றமெடுக்கும், நடிகர் மேல் ஊற்றுவது சுகாதாரமும் இல்லை. கறிக்கடையில் நின்று உற்றுப் பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். அதற்குமேல் அதில் வேலையில்லை.

வாங்குகிற ஃபூட்டேஜ்

ஆக்‌ஷன்விஎஃப்எக்ஸ் போன்ற தளங்களில் தொழில்முறையாக எடுத்த ரத்தத் தெறிப்புகள் விலைக்கும், சில இலவசமாகவும் கிடைக்கின்றன. தரம் நன்றாகவே இருக்கும். ஆனால் கோணம் அவர்களுடையது, ஒளி அவர்களுடையது. இலவசத் தெறிப்பை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். குறும்பட விழாவில் அடுத்தடுத்து இரண்டு படத்தில் ஒரே தெறிப்பைப் பார்த்தால் கண்டுபிடிக்கிற அளவுக்கு. தூரத்து ஷாட், இரவு ஷாட், நாலைந்து ஃப்ரேமில் மறைகிற துளி என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் வரியைப் படித்துவிட்டு.

நாமே எடுத்து ஒட்டுவது

சின்னக் குழுவுக்கு நான் முதலில் சொல்லும் வழி இதுதான். ஆளில்லாமல் ரத்தத்தை மட்டும் தனியாகத் தெறிக்கவிட்டு, அதே கேமராவில் எடுத்து, பிறகு ஷாட்டின் மேல் ஒட்டுவது. மொட்டை மாடியில் ஒரு காலைப் பொழுது போதும். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்று இருந்தால் தமனித் துடிப்பை விரலாலேயே அழுத்திக் கொண்டுவந்துவிடலாம். பல் துலக்கும் பிரஷ்ஷைச் சிரப்பில் தோய்த்துக் கட்டைவிரலால் சுண்டினால் நுண்ணிய தூறல் கிடைக்கும். பெரிய விசிறலுக்கு வயலில் மருந்தடிக்கிற ஸ்பிரேயர் அருமையான கருவி. ஆனால் புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும். எத்தனை முறை கழுவினாலும் பூச்சிமருந்து அடித்த ஸ்பிரேயர் பக்கம் போகவே கூடாது.

பின்னணி நிறத்தில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். நெருப்பையும் புகையையும் கறுப்புத் துணி முன்னால் எடுத்து ஸ்கிரீன் மோடில் (கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் சேரும் ஒட்டுமுறை) ஒட்டிப் பழகியவர்கள், ரத்தத்தையும் அப்படியே செய்கிறார்கள். நெருப்பு வெளிச்சம் தருகிற பொருள், ஸ்கிரீன் மோடு அதற்குச் சரி. ரத்தம் வெளிச்சத்தை விழுங்குகிற பொருள். ஸ்கிரீனில் போட்டால் கறுக்க வேண்டிய இடம் மறைந்து, சிவப்பு விளக்கு போட்டது போல ஜொலிக்கும். வானத்துக்கு முன்னால் தெறித்தால் இன்னும் மோசம், ரத்தமே காணாமல் போகும். வெள்ளைப் பின்னணியில் எடுத்து, வெள்ளை மறைகிற மல்டிப்ளை மோடில் போடுங்கள், கறுப்பு கறுப்பாகவே நிற்கும். பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கத்தை நிழலில் கட்டினால் அதுவே பின்னணி. மல்டிப்ளையில் ஒரு இழப்பு உண்டு. துளியின் மேல் இருக்கும் வெள்ளை மினுமினுப்பும் பின்னணியோடு சேர்ந்து போய்விடும். பறக்கிற துளிக்கு அது தெரியாது. பெரிய வழிசல் தெரிகிற க்ளோஸப்புக்கு நீலத் துணி முன்னால் எடுத்து, நீலத்தை மட்டும் நீக்கி (கீ) பண்ணிவிடுங்கள், மினுமினுப்பு மிஞ்சும்.

ஷட்டரையும், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒளி விழும் நேரத்தையும், ஒத்துப்போகச் செய்ய வேண்டும். படத்தை 24 ஃப்ரேமில் 1/48 விநாடி ஷட்டரில் எடுத்திருந்தால், விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பறக்கிற துளி ஒரு ஃப்ரேமிலேயே 6 செ.மீ. நீளக் கோடாக இழுபடும். அதே துளியை மொபைலில் கூசும் வெயிலில் ஆட்டோவில் எடுத்தால் ஷட்டர் தானாக ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் போய், முத்து முத்தாக உறைந்து நிற்கும். ஒட்டியதும் ஏதோ உறுத்துகிறது, ஆனால் என்னவென்று தெரியவில்லை என்பார்கள். பெரும்பாலும் இதுதான். மொபைலில் எடுக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: பல போன்கள் ஃப்ரேம் ரேட்டை நிலையாக வைப்பதில்லை, ஏறி இறங்கும். ட்ராக்கிங் (ஷாட்டின் அசைவைப் பின்தொடர்வது) தொடங்கும் முன் நிலையான ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மென்பொருள் செலவு ஒரு தடையே இல்லை. எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே ஒட்டு வேலைக்கான ஃப்யூஷன் இருக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அசைவைப் பின்தொடரும் மோக்கா கூடவே வருகிறது. துணியில் கறை பரவுவதையும் இந்த வழியிலேயே செய்யலாம். கறையின் எல்லையாக வரைந்த மாஸ்க்கை மெல்ல விரித்தால் போதும். ஆனால் சீரான வேகத்தில் விரிக்காதீர்கள். துணி ஈரத்தை உறிஞ்சும் விதிப்படி, இரண்டு மடங்கு தூரம் பரவ நான்கு மடங்கு நேரம் ஆகும். முதல் விநாடியில் 2 செ.மீ. பரவினால் 4 செ.மீ.யைத் தொட நான்கு விநாடி. ஆரம்பத்தில் விறுவிறு, பிறகு தயக்கம். இந்த ஒரு வளைவைச் சரியாகப் போட்டால் மற்ற குறைகள் பாதி மறைந்துபோகும்.

சிமுலேஷன்

இப்போது எல்லோருக்கும் ஆசையுள்ள இடம். "ஹௌடினி கத்துக்கட்டுமா ணா?" என்று கேட்கிற தம்பிகளுக்கு என் பதில்: கற்றுக்கொள், ஆனால் இந்தப் படத்துக்காக அல்ல. ஹௌடினி என்ற 3டி மென்பொருளின் இலவசக் கற்றல் பதிப்பு வணிக வேலைக்கு ஆகாது, ரெண்டரில், அதாவது முடிந்து வெளிவரும் படத்தில், வாட்டர்மார்க் வரும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் முழுக்க இலவசம். 2020இல் வந்த 2.82 பதிப்பிலிருந்து மேன்டாஃப்ளோ என்ற திரவ சிமுலேஷன் அதிலேயே இருக்கிறது. குறும்படத்துக்கு அதுவே தாராளம்.

வேலை எப்படி நடக்கிறதென்றால், ஒரு பெட்டியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் திரவத்தின் வேகமும் அழுத்தமும் கணக்கிடப்படுகின்றன. துகள்கள் அதன்படி நகர்கின்றன, கடைசியில் துகள்களின் மேல் ஒரு தோல் போர்த்தப்படுகிறது. பெட்டியின் நீளத்தை 32 கட்டமாகப் பிரிப்பது பிளெண்டரின் தொடக்க அமைப்பு. அதில் ரத்தம் ஜெல்லி உருண்டையாகத்தான் வரும். 128க்கு ஏற்றினால் உருவம் பிடிபடும், 256இல் மெல்லிய இழைகள் தெரியத் தொடங்கும். ஆனால் கட்ட எண்ணை இரட்டிப்பாக்கும்போது நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டிப்பாவதால் மொத்தக் கட்டங்கள் 8 மடங்காகும். காலையில் பத்து நிமிடத்தில் முடிந்த வேலை சாயங்காலம் தொடங்கி ராத்திரி முழுக்க ஓடுவது இப்படித்தான். இதற்காகக் கடன் வாங்கி கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டாம். மேன்டாஃப்ளோ பிராசசரில்தான் ஓடுகிறது, கார்டு ரெண்டருக்கு மட்டும் உதவும். கரன்ட் போகிற ஊரில் இருக்கிறவர்கள் கணக்கைச் சேமித்து வைக்கும் கேஷ் அமைப்பில் ரெஸ்யூமபிள் என்பதை டிக் செய்துவிட்டுத் தூங்கப் போகலாம், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அளவு தவறினால் எல்லாம் தவறும். பிளெண்டரில் ஒரு அலகு ஒரு மீட்டர். கையில் வெட்டு என்று நினைத்துக்கொண்டு இரண்டு மீட்டர் பெட்டியில் ரத்தத்தைப் பாய்ச்சினால், கிருஷ்ணகிரி அணையில் மதகைத் திறந்தது போல மெதுவாகப் புரண்டு வரும். மேலே சொன்ன 12 ஃப்ரேம், 120 செ.மீ. சோதனையை முதலில் ஓட்டிப் பாருங்கள். விழுகிற நேரம் சரியாக இருந்தால் அளவு சரி.

மெட்டீரியலில் சிவப்பை மேற்பரப்பு நிறமாகக் கொடுக்காதீர்கள், பிளாஸ்டிக் ஆகிவிடும். ஒளி உள்ளே போகும் கண்ணாடித் தன்மை கொடுத்து, ஒளிவிலகலை 1.35 சுற்றி வைத்து, உள்ளே உறிஞ்சலுக்குச் சிவப்பைக் கொடுங்கள். மெல்லிய இடம் சிவப்பு, தடித்த இடம் கறுப்பு என்பது அப்போதுதான் தானாக வரும். ஒளி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று படப்பிடிப்பிலேயே பதிவு செய்து வைக்க வேண்டும். சுற்றியுள்ள ஒளியைப் பிரதிபலித்துக் காட்டும் குரோம் உருண்டை இல்லையா, புது எவர்சில்வர் கரண்டியின் முதுகை நடிகர் நின்ற இடத்தில் பிடித்து ஒரு போட்டோ எடுங்கள். சூரியன், வானம், செம்மண்ணிலிருந்து எழும்பும் சிவந்த ஒளி எல்லாம் அதில் தெரியும்.

இத்தனை பாடும் எப்போது தகும்? கேமரா துளியைச் சுற்றி வரும்போது, நேரம் நின்றது போன்ற அதிமெதுவான ஷாட்டில், நிஜத்தில் முடியாத வழியில் ரத்தம் போக வேண்டியிருக்கும்போது. நடுகல் உருவத்தின் செதுக்குக் கோடுகளுக்குள் ரத்தம் ஓடி வீரனை வரைவது மாதிரி ஒரு தலைப்புக் காட்சி நினைத்திருந்தால், சிமுலேஷன்தான் வழி, தயங்காமல் இறங்குங்கள். நடுத்தர ஷாட்டில் எட்டு ஃப்ரேம் தெறிப்புக்கு அது வேண்டாம். ஒகேனக்கல் பக்கம் எடுக்கிறவர்கள் கேட்பது தண்ணீரில் ரத்தம் கரைவது. அதற்கும் சிமுலேஷன் தேவையில்லை. மீன்தொட்டியில் தெளிந்த தண்ணீர் ஊற்றி ஃபுட் கலரைச் சொட்டவிட்டு எடுத்தால், எந்த சிமுலேஷனும் அந்தச் சுருளுக்குப் பக்கத்தில் வராது. நிஜ ஆற்றில் எடுக்கப் போனால் வனத்துறை அனுமதி தனிக் கதை.

ஏஐ வீடியோக் கருவிகளைப் பற்றியும் கேட்பீர்கள். பல கருவிகள் ரத்தக் காட்சிக்கு மறுத்துவிடுகின்றன. மறுக்காதவையும் நடிகரின் முகத்தைக் கூடவே மாற்றிவிடும், அடுத்த ஷாட்டில் கறை இடம் மாறியிருக்கும். தொடர்ச்சி வேண்டிய காட்சிக்கு நான் தொடமாட்டேன்.

சரி, நம் நான்கு ஷாட்

அம்பு ஷாட்டுக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். தைத்து நிற்கிற அம்பு காயத்தை அடைத்துக்கொண்டிருக்கும். தைத்த பொருளைப் பிடுங்கக் கூடாது என்று முதலுதவியில் சொல்வதும் அதனால்தான். ஆகவே பீய்ச்சாது, அம்பைச் சுற்றிக் கசிந்து மெல்ல ஒரு கோடாக இறங்கும். அடிப்பகுதி ஒட்டிய பாதி அம்பு, பின்னால் மறைத்த மெல்லிய குழாய், தளர்த்திய சிரப். அம்பு வந்து தைக்கிற கணத்தை வெட்டி, தைத்த பிறகு காட்டுங்கள். நடுகல் சிற்பங்களிலும் அம்பு தைத்த உடம்போடு நிற்கிற வீரனைத்தான் செதுக்கியிருக்கிறார்கள், பறந்து வருகிற அம்பை அல்ல.

வாள்வீச்சுக்குக் கலப்பு. மழுங்கிய வாள், கைக்குக் கொஞ்சம் தள்ளி வீச்சு. வீசி முடித்த ஃப்ரேமிலிருந்து எட்டு ஃப்ரேமுக்கு நாமே எடுத்த தெறிப்பு, வாள் போன திசையிலேயே. முடிந்தவுடன் நடிகர் இன்னொரு கையால் காயத்தைப் பொத்துகிறார். அந்த உள்ளங்கையில் சிரப்பில் ஊறிய ஸ்பாஞ்ச் இருக்கிறது, விரலிடுக்கில் வழிவது நிஜம். தெறிப்பு மறைந்த இடத்தில் கறை இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். எதிரியின் வேட்டியில், முகத்தில் ஒரு சில புள்ளிகள் அடுத்த ஷாட்டிலிருந்து படம் முடிகிறவரை தொடர வேண்டும். இதை முன்கூட்டியே பிரஷ்ஷால் வைத்துவிடலாம், காசே ஆகாது.

செம்மண் ஷாட் தனிப் பாடம். பென்னாகரம் பக்கத்துச் செம்மண்ணில் சிவப்பு தெரியவே தெரியாது. நிறத்தை ஏற்றிக்கொண்டே போனால் பொய்யாகும். மண் நனைந்து கறுக்க வேண்டும், விழுந்த கணம் ஈரம் மின்னி, உறிஞ்சியதும் மினுக்கம் அடங்க வேண்டும். சிவப்பைவிட இந்த மினுக்கமும் அடக்கமும்தான் அங்கே ரத்தம் என்று சொல்லும். காய்ந்த பொடிமண்ணில் நிஜச் சொட்டு விழும்போது சின்னதாகப் புழுதி எழும், அதைக் கம்ப்யூட்டரில் செய்து மாளாது. சிரப்பை நன்றாகத் தண்ணீராக்கி, கேமராவைத் தரையோடு தரையாக வைத்து நேரடியாக எடுங்கள்.

கல் ஷாட்டில் மட்டும் எதிர்த் தீர்ப்பு. அங்கே சிரப் கூடவே கூடாது. ஊரார் கும்பிடுகிற கல், எழுத்தும் உருவமும் ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கிறது. சர்க்கரையையும் சாயத்தையும் அதன் மேல் ஊற்ற யாருக்கும் உரிமையில்லை. நல்லவேளையாக, டிஜிட்டல் ரத்தத்துக்கு இதுதான் சுலபமான இடமும். கல் அசையாது, பெரும்பாலும் தட்டையான முகம், சாம்பல் நிறம். தட்டையான பரப்பைப் பின்தொடரும் பிளேனர் ட்ராக் ஒன்று போட்டு, வேறொரு சொரசொரப்பான பாறைத் துண்டில் சிரப்பை வழியவிட்டு எடுத்ததை மல்டிப்ளையில் ஒட்டினால் பொருந்திவிடும். பர்கூர்ப் பக்கம் கிரானைட் பட்டறைகளில் கழித்த துண்டு கேட்டால் கொடுப்பார்கள், பாலிஷ் போடாத முகத்தைப் பயன்படுத்துங்கள். நின்ற கல்லில் தெறித்த துளி வட்டமாக இருக்காது, அந்தச் சைன் கணக்கு இங்கே கைகொடுக்கும். செதுக்குப் பள்ளங்களில் ரத்தம் தேங்கிக் கறுக்க வேண்டும். கல்லின் ஒளிநிழலையே மாஸ்க்காக எடுத்தால் அது பாதி வேலையைச் செய்துவிடும். படம் எடுக்கப் போவதற்கு முன் ஊரில் கேட்டுவிட்டுப் போங்கள், ரத்தம் கம்ப்யூட்டரில்தான் வரும் என்றும் சொல்லிவிடுங்கள்.

டிஜிட்டலுக்கு இன்னொரு அனுகூலம் உண்டு, அது படம் முடிந்த பிறகுதான் தெரியும். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தணிக்கையில் யுஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. தியேட்டரில் போட நினைத்தால் ரத்தத்தின் அளவு இந்தப் படிகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளக்கூடும். தனி லேயராக இருக்கிற தெறிப்பைக் குறைத்து மறுபடி ரெண்டர் செய்யலாம். சிரப்பாகக் கொட்டியதை வெட்டித்தான் எறிய வேண்டும். ஆகவே சந்தேகமான ஷாட்டில் செட்டில் குறைவாக வையுங்கள், கூட்டுவது எப்போதும் சுலபம்.

எந்த வழிக்குப் போனாலும் ஒவ்வொரு ஷாட்டிலும் ஆளில்லாத வெற்று ஃப்ரேம் ஒன்றைச் சில விநாடி எடுத்துவிடுங்கள். கோப்பை வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள். போன் வீடியோவிலேயே நிறத் தகவல் நாலில் ஒரு பங்குதான் பதிவாகிறது, அதிலும் சிவப்பின் விளிம்புதான் முதலில் கட்டம் கட்டமாக உடையும். அழுத்தி அனுப்பினால் ஒட்டுவதற்கு விளிம்பே மிஞ்சாது. ரத்தம் ஒட்டிய பிறகுதான் கலர் கிரேடிங், அதாவது படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வேலை. கிரேடிங் முடிந்த கோப்பில் புதுச் சிவப்பை ஒட்டினால் அது மட்டும் வேறு உலகத்தில் நிற்கும். "எல்லாம் முடிஞ்சுது ணா, ரத்தம் மட்டும் வச்சுக் குடுங்க" என்று பென்டிரைவோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கேமராவிலிருந்து வந்த அசல் கோப்பைத்தான்.